சாயப்பட்டறைப் பேரல்களில் செக்கு எண்ணெயை இருப்பு வைக்கலாமா?

செக்கடி (காங்கேயம்):
வணக்கம். காங்கேயத்துக்கு அருகில் சிறிய மரச்செக்கு வைத்துத் தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் ஆட்டி விற்கிறோம். கொப்பரை வரத்து கூடும் காலத்தில் எண்ணெயைத் தெளிய வைக்கவும் இருப்பு வைக்கவும் எங்களிடமுள்ள எவர்சில்வர் டிரம்கள் போதுவதில்லை. திருப்பூர்ப் பக்கம் பழைய சாமான் கடைகளில், சாயப்பட்டறைகளில் பயன்படுத்திய நீல நிறப் பேரல்கள் மலிவாகக் கிடைக்கின்றன. உள்ளே இருந்தது வெறும் அசிட்டிக் அமிலம்தான், வெந்நீரும் சோப்புத்தூளும் போட்டுக் கழுவிவிட்டோம், அடியில் 2 என்ற எண் இருப்பதால் அது ஃபுட் கிரேடு, அதாவது உணவு வைக்க ஏற்றது என்று கடைக்காரர் உறுதியாகச் சொல்கிறார். எங்கள் ஊரில் பல வீடுகளில் இவற்றில்தான் குடிநீர் பிடித்து வைக்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும், உண்மையில் ஆபத்து உண்டா என்பதையும் விளக்க வேண்டுகிறேன்.

பேக்கிங் தரம் (கோவை):
வாங்க வேண்டாம், அண்ணா. பேக்கேஜிங் பொருள்களின் தரச் சோதனையில் வேலை செய்பவன் என்ற முறையில் காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அடியிலுள்ள 2 என்ற எண் அது எச்.டி.பி.ஈ. (அடர்த்தி கூடிய பாலிஎத்திலீன்) என்னும் பிளாஸ்டிக் வகை என்பதை மட்டுமே குறிக்கிறது. மறுசுழற்சிக்காக வகை பிரிக்க ஏற்பட்ட எண் அது. உணவுக்கு ஏற்றதா என்பது, எந்த மூலப்பொருளும் எந்த நிறமியும் சேர்த்து அது செய்யப்பட்டது, அதிலிருந்து உணவுக்குள் எவ்வளவு இறங்குகிறது என்பவற்றைப் பொறுத்தது. 2018-இல் அறிவிக்கப்பட்டு 2019 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பேக்கேஜிங் விதிகளின்படி, பிளாஸ்டிக்கிலிருந்து உணவுக்குள் இறங்கும் மொத்தப் பொருள் ஒரு கிலோவுக்கு 60 மில்லிகிராமையோ, ஒரு சதுர டெசிமீட்டர் பரப்புக்கு 10 மில்லிகிராமையோ தாண்டக் கூடாது. பாலிஎத்திலீனுக்கு ஐ.எஸ். 10146, நிறமிகளுக்கு ஐ.எஸ். 9833, சோதிக்கும் முறைக்கு ஐ.எஸ். 9845 என்று தனித்தனி இந்தியத் தரநிலைகள் உள்ளன. இவை தவிர ஆன்டிமனி போன்ற உலோகங்களுக்கும், டி.ஈ.எச்.பி. என்னும், பிளாஸ்டிக்கை வளையும்படி ஆக்கச் சேர்க்கும் நெகிழ்வூட்டிக்கும் தனி வரம்புகள் உண்டு; பின்னதற்குக் கிலோவுக்கு 1.5 மில்லிகிராம்.

இந்தச் சோதனைகளெல்லாம் புதிய கொள்கலனுக்கானவை என்பதைத்தான் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். எச்.டி.பி.ஈ. கண்ணாடியைப் போன்றதன்று, எண்ணெய்த் தன்மையுள்ள வேதிப்பொருள்களைத் தன் சுவருக்குள்ளேயே ஈர்த்து வைத்துக்கொள்ளும். மேற்பரப்பைக் கழுவினால் மேற்பரப்புதான் சுத்தமாகும். பிறகு அதில் தண்ணீர் நின்றால் ஓரளவும், எண்ணெய் நின்றால் அதைவிட எளிதாகவும், உள்ளே பதுங்கியவை மெல்ல வெளியே வரும். வெயில் சூடும் நாள்கணக்கான இருப்பும் அதை விரைவுபடுத்தும். அசிட்டிக் அமிலம் மட்டும் இருந்திருந்தால்கூட ஒருவேளை அச்சம் குறைவு. ஆனால் சாயப்பட்டறையில் காலியான பேரலில் துணியை மென்மையாக்கும் சாஃப்ட்னரையோ, சாயம் பிடிக்கச் செய்யும் ரசாயனத்தையோ அடுத்து ஊற்றி வைத்தார்களா என்பதைப் பழைய சாமான் கடைக்காரரால் எப்படிச் சொல்ல முடியும்?

வெல்லமண்டி (கவுந்தப்பாடி):
மேலே நண்பர் சொன்னதோடு, தொழில் நடத்துபவர் என்ற முறையில் உங்கள் மீதுள்ள பொறுப்பையும் சொல்ல வேண்டும். உணவை நேரடியாகத் தொடும் பேக்கிங் பொருளுக்கு, என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் இணக்கச் சான்றிதழை உணவுத் தொழில் செய்பவர் வைத்திருக்க வேண்டும். நாங்கள் நாட்டுச்சர்க்கரைக்குப் பை வாங்கும்போது சான்றிதழின் நகலைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வைக்கிறோம், தராதவரிடம் வாங்குவதில்லை. பழைய டின்களிலும் இறங்கிவிட வேண்டாம். ஒருமுறை பயன்படுத்திய தகர டின்னை மீண்டும் உணவு அடைக்கப் பயன்படுத்தவும் அதே விதிகளில் தடை இருக்கிறது.

செக்கடி (காங்கேயம்):
இருவருக்கும் நன்றி. இன்னும் இரண்டு ஐயங்கள். ஒரு பேரலை ஆய்வகத்துக்குக் கொடுத்துச் சோதித்து, வரம்புக்குள் இருந்தால் மற்றவற்றையும் வாங்கலாமா? எண்ணெய்க்கு ஆகாது என்றால், மாட்டுக்குப் பிண்ணாக்கு ஊற வைக்கவாவது ஆகுமா?

பேக்கிங் தரம் (கோவை):
புதிய பேரல்கள் ஒரே மூலப்பொருளில் ஒரே அச்சில் வருவதால் மாதிரி ஒன்றைச் சோதிப்பதில் பொருள் உண்டு. பழைய பேரல் ஒவ்வொன்றும் வேறு வேறு பட்டறையில் வேறு வேறு ரசாயனத்தைச் சுமந்து வந்தது; ஒன்றின் முடிவு அடுத்ததற்குப் பொருந்தாது. அதோடு 60 மில்லிகிராம் என்பது இறங்கிய பொருளின் மொத்த எடையைப் பற்றியது. மிகச் சிறிய அளவிலேயே கேடு செய்யும் ஒன்று அதற்குள் இருந்தால், என்ன பொருள் என்று தெரிந்து தனியாகத் தேடினால்தான் அகப்படும்.

பிண்ணாக்குக்கும் வேண்டாம். அதில் எண்ணெய் மிச்சம் இருக்கிறது, இரவெல்லாம் ஊறுகிறது, அந்த மாட்டின் பாலை வீட்டுக் குழந்தைகள் குடிக்கிறார்கள். சிமெண்டுத் தொட்டியே போதும். இருப்புக்கு இன்னும் இரண்டு எவர்சில்வர் டிரம்கள் வாங்குங்கள். பிளாஸ்டிக்தான் வேண்டுமென்றால் சான்றிதழோடு புதியதை வாங்கி நிழலில் வையுங்கள். ஊரில் குடிநீருக்கு அந்த நீலப் பேரல்களை வைத்திருப்பவர்களிடமும் இதைச் சொல்லுங்கள். புழக்கத்திலிருந்து எடுப்பவற்றைக் குறுக்கே அறுத்துவிட்டால், வேறொரு வீட்டுச் சமையலறைக்கு அவை மீண்டும் போகாது.