கலைச்சொல்: ‘ஒளிச்சேர்க்கையற்ற பவளம்’ சரியா? (மறுமொழி)

வணக்கம் நண்பர்களே,

கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்களுக்கான நம் கலைச்சொல் அகராதியில், என்.பி.எஸ். (நான்-ஃபோட்டோசிந்தெடிக்) எனப்படும் பவளங்களுக்கு என்ன பெயர் வைப்பது என்ற பேச்சில் ஒரு நண்பர் இப்படி எழுதியிருந்தார்:

> என்.பி.எஸ். பவளத்துக்கு ‘ஒளிச்சேர்க்கையற்ற பவளம்’ என்றே வைத்துக்கொள்ளலாம். நான்-ஃபோட்டோசிந்தெடிக் என்பதன் நேரடி வடிவம், குழப்பமில்லை.

எனக்கு இதில் உடன்பாடில்லை. மூலச்சொல்லிலேயே ஒரு பிழை இருக்கிறது, அதையும் சேர்த்து நாம் தமிழுக்குக் கொண்டுவரப் போகிறோம். எந்தப் பவளமும் தானாக ஒளிச்சேர்க்கை செய்வதில்லை. நம் தொட்டிகளில் சுலபமாக வளரும் சார்கோஃபைட்டன், சினுலேரியா போன்ற மென்பவளங்களின் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள்தான் அந்த வேலையைச் செய்து, சமைத்ததில் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கின்றன. டெண்ட்ரோநெஃப்தியா என்ற மென்பவளத்தில் அந்தப் பாசி இல்லை. உயிரியல் வகைப்பாட்டுக்கு ஒரு சொல் வேண்டுமென்றால் ‘பாசியிலாப் பவளம்’ என்பது இதைவிடத் துல்லியம், அதை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் வளர்ப்பவருக்கு அதுவும் போதாது என்பதே என் முக்கியமான வாதம். இல்லாததைச் சொல்லி வைத்த பெயர், என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லாது. நான் முதன்முதலில் ஒரு சிவப்பு டெண்ட்ரோநெஃப்தியா வாங்கியபோது கடைக்காரர் சொன்னது, ‘இது என்.பி.எஸ்., லைட் வேண்டாம், ஓரமாக வையுங்கள்’ என்பது மட்டும்தான். நானும் பாறைக்குப் பின்னால் இருட்டில் வைத்தேன். இருட்டு மட்டுமில்லை, தொட்டியிலேயே நீரோட்டம் செத்துக் கிடந்த இடம் அது. ஒரு வாரத்தில் சுருங்கிவிட்டது, பாலிப்கள், அதாவது பவளக் கூட்டத்தின் கைகளுள்ள சிற்றுயிர்கள், விரியவே இல்லை. ஆறாவது வாரம் அடித்தண்டு பாறையிலிருந்து கழன்று வந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். நீர் இறங்கிய தண்டின் தோலைக் குத்திக்கொண்டு சுண்ணாம்பு நுண்முட்கள் வரிசையாகத் தெரிந்தன, மென்பவளம் என்று பெயரே தவிர விரலில் நரநரவென்று உரசியது. ஒளிக் குறைவால் அது சாகவில்லை, பட்டினியால் செத்தது. ‘ஓடும் நீரில் வருவதைப் பிடித்துத் தின்னும் உயிர்’ என்று யாராவது ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அதைப் பம்பின் முன்னால் வைத்திருப்பேன்.

உண்மையில் இது என்ன தின்கிறது என்பதே வெகுகாலம் தெளிவாக இல்லை. பவளம் என்றால் விலங்கு மிதவைகளை (நீரில் மிதந்தலையும் நுண்விலங்குகளை) பிடிக்கும் என்றுதான் பொதுவாக நினைத்திருந்தார்கள். கேத்தரினா ஃபாப்ரிசியஸ், யெஹூதா பெனயாஹூ, அமாட்ஸியா கெனின் மூவரும் செங்கடலில் ஆராய்ந்து 1995இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய பிறகுதான், டெண்ட்ரோநெஃப்தியாவின் முக்கிய உணவு தாவர மிதவைகள் (நீரில் மிதக்கும் நுண்பாசிகள்) என்று தெரிந்தது. ஒவ்வொரு பாலிப்பிலும் எட்டுக் கைகள், ஒவ்வொரு கையிலும் இறகு போலப் பக்கக் கிளைகள். நீர் அந்த இறகுகளுக்கிடையே ஓடிக்கொண்டே இருந்தால்தான் சில மைக்ரான் அளவுள்ள மிதவைகள் அதில் சிக்கும்.

அதனால் நான் ஏற்கெனவே முன்வைத்த சொல்லையே மீண்டும் முன்மொழிகிறேன்: வரத்துண்ணிப் பவளம், சுருக்கமாக வரத்துண்ணி. எங்கள் பக்கம் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலை வரத்துக்கால் என்பார்கள், வரத்து நின்றால் கண்மாய் காய்ந்தது என்று அர்த்தம். இந்தப் பவளத்தின் நிலையும் அப்படியே. நீரும் உணவும் சேர்ந்து வருவதை அந்த ஒரு சொல்லே சொல்லிவிடுகிறது.

> ‘உண்ணி’ என்றாலே மாட்டு உண்ணி நினைவுக்கு வருகிறதே?

தனிச்சொல்லாக வந்தால் வரும். ஊனுண்ணி, தாவரவுண்ணி என்று பள்ளிப் புத்தகத்திலேயே படித்துப் பழகியவர்களுக்குக் கூட்டுச்சொல்லில் அந்தச் சிக்கல் வராது என்று நினைக்கிறேன்.

> சார்கோஃபைட்டனும் வருவதைப் பிடித்துத் தின்கிறதே, அதுவும் வரத்துண்ணியா?

நல்ல கேள்வி, நானும் இதில் தடுமாறினேன். வரத்தை *மட்டுமே* நம்பி வாழ்வது என்று விளக்கத்தில் சேர்த்துவிடலாம். ஆடு எப்போதாவது பூச்சியைச் சேர்த்து மென்றாலும் அதைத் தாவரவுண்ணி என்றுதானே சொல்கிறோம்.

அப்புறம், உணவு கொடுக்கும் முறைகளுக்கும் சொல் கேட்டிருந்தீர்கள். டார்கெட் ஃபீடிங் என்பதற்கு ‘இலக்கு உணவளிப்பு’ எல்லாம் வேண்டாம், நம்மிடம் ஊட்டல் இருக்கிறது. சன் கோரலுக்கு (இதுவும் பாசியில்லாத பவளம்தான்) செய்வது அதுதான்: குழாயால் ஒவ்வொரு வாயிலும் இறாலை வைக்கிறோம், குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி. (அதைச் சூரியப் பவளம் என்று மட்டும் மொழிபெயர்த்துவிடாதீர்கள், வெயிலில் வைத்துவிடுவார்கள்.) தொட்டி முழுக்கக் கலந்துவிடுவது தூவல். டெண்ட்ரோநெஃப்தியாவுக்கு இரண்டும் போதாது. டோசிங் பம்ப் (அளந்து அளந்து திரவம் விடும் பம்ப்) வைத்து, குளிர்பதனப் பெட்டியில் இருக்கும் பாசிக்கரைசலைப் பகலும் இரவும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சொட்டுநீர்ப் பாசனம் நமக்குப் பழக்கமான சொல்தான், அந்த வழியில் இதைச் சொட்டூட்டம் எனலாம். இப்படி ஊட்டினால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறத்தான் செய்யும், கழிவை நுரையாக்கி அகற்றும் ஸ்கிம்மர் கருவியை வைத்தால் அது உணவையும் சேர்த்து வாரிக்கொண்டு போகும், இதற்கெல்லாம் நடுவில்தான் இதை வளர்க்கிறவர்கள் மல்லுக்கட்டுகிறார்கள். இவ்வளவு செய்தும் பெரும்பாலும் தோற்கிறார்கள். ஆகவே அகராதிப் பதிவில் ‘புதியவர்களுக்கு ஏற்றதல்ல’ என்று ஒரு வரி கட்டாயம் சேர்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

பதிவுக்கு நான் எழுதியிருப்பது இது, திருத்துங்கள்:

வரத்துண்ணிப் பவளம் (பெ.): உடம்பில் பாசித் துணை இல்லாமல், நீரோட்டத்தில் வரும் மிதவைகளையும் உணவுத் துகள்களையும் மட்டுமே பிடித்து வாழும் பவளம். எ-டு: டெண்ட்ரோநெஃப்தியா, மிளகாய்ப் பவளம்.

‘துகள்’ போதுமா, கரைந்த சத்துகளையும் சேர்க்க வேண்டுமா என்பதில் எனக்கு இன்னும் முடிவு வரவில்லை. கடலுயிரியல் படித்தவர்கள் யாராவது சொன்னால் நல்லது.