ரிவர்ட் பண்ணச் சொன்னேன், பண்ணிவிட்டார்

இரவு ஷிப்ட்:
மூன்று வருடம் ஆகிறது, இன்னும் உறுத்துகிறது. மான்செஸ்டரில் எங்கள் டீமுக்குப் புதிதாக ஒரு பெண். கட்டணப் பக்கத்தில் அவர் செய்த மாற்றத்தில் எனக்கு ஒரு சந்தேகம். பதில் போடுங்கள் என்ற அர்த்தத்தில் "கைண்ட்லி ரிவர்ட் ஆன் திஸ் சேஞ்ச்" என்று மெயில் போட்டேன். ஆறு மணிக்கு ஒரே சொல்லில் பதில்: "ரிவர்ட்டட்." பக்கத்தைத் திறந்தால் பழைய நீலப் பட்டன் வந்து உட்கார்ந்திருக்கிறது. பத்து நாள் வேலையைத் தானே கழற்றிவிட்டார். ஏன் என்று சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை.

குமாஸ்தா பேரன்:
எங்கள் வீட்டில் அது பத்திரச் சொல். குத்தகை முடிந்ததும் கடை, கட்டியதெல்லாம் சேர்த்து, உரிமையாளருக்கே "ஷால் ரிவர்ட்". வக்கீல் அந்த வரியில் பென்சிலை வைத்துக்கொண்டு தாத்தாவை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆபீஸ் மெயிலில் அதைப் பார்த்தால் இன்றும் யாருடைய கடையோ போகிறது என்றுதான் தோன்றும்.

மழைக்காலம்:
லண்டனில் கூட வேலை பார்த்தவர் இஸ்லாத்துக்கு வந்தவர். "கன்வர்ட்டா?" என்று கேட்டேன். "ரிவர்ட்" என்று திருத்தினார். எல்லோரும் பிறப்பது இறைவழியில்தான், அதனால் இது மாறுவதில்லை, திரும்புவது என்றார். என்னிடம் பதில் இல்லை.

இலக்கணப்புலி:
முதல் பதிவருக்கு: அந்தப் பெண் மேல் தப்பே இல்லை. லத்தீனில் 'வெர்ட்டெரே' என்றால் திருப்புவது, 'ரே' என்றால் பின்னால். கன்வர்ட், டைவர்ட், இன்வர்ட் எல்லாம் அதே வேர். பழைய நிலைக்குப் போவதுதான் பொருள். 'பதில் போடு' என்பது நம் ஊர், சிங்கப்பூர், மலேசியா ஆபீஸ்களின் வழக்கு. அகராதிகளும் 'இந்திய ஆங்கிலம்' என்று ஒட்டுப் போட்டுத்தான் சேர்க்கின்றன. 'ரிவர்ட் பேக்' இன்னும் மோசம், நடு சென்டர் மாதிரி. இனி 'ரிப்ளை' என்றே எழுதுங்கள். எந்த நாட்டு மணி என்று போடுங்கள். 'கைண்ட்லி'யையும் வெட்டுங்கள். மெயில் அனுப்பும் முன் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். என் கதையா? ஒரு பேராசிரியர் "ஐ வில் ரிவர்ட்" என்றார். இரண்டு வருடமாகக் காத்திருக்கிறேன்.

இரவு ஷிப்ட்:
யோசனை கேட்கவில்லை சார். நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் 'கிட்' (Git) மென்பொருளில் ரிவர்ட் அடித்தால் எதுவும் அழியாது. நீக்கியதும் ஒரு புதுப் பதிவாகத்தான் ஏறும். அந்தப் பதிவில் அவர் பெயரும், காரணம் என்ற இடத்தில் "ஆஸ் ரிக்வெஸ்டட்" என்பதும் இன்னும் இருக்கின்றன.