ஷோரூமில் மாட்டிய ஃபாக் லைட்: இரண்டு நாளில் பேட்டரி காலி. தவறு பேட்டரியிலா, வயரிங்கிலா?

சங்கிலிப்பல்:
என் பைக்கில் டீலரிடமே 20 வாட் எல்இடி ஃபாக் லைட் இரண்டும் கிராஷ் கார்டும் (விழுந்தால் இன்ஜினைக் காக்கும் கம்பி) மாட்டியது. பேட்டரி 12 வோல்ட், 9 ஆம்பியர் ஹவர். இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் செல்ஃப் எடுப்பதில்லை, டெர்மினலில் 11.4 வோல்ட்தான். சார்ஜ் போட்டால் 12.7 வந்து அப்படியே நிற்கிறது. ஹேண்டிலை முழுக்க வலது பக்கம் ஒடித்தால் லைட் விட்டு விட்டு எரிகிறது. "பேட்டரி வீக், மாத்திடுங்க" என்கிறார் சர்வீஸ் அட்வைசர். என்ன செய்யலாம்?

ஸ்பேனர்12:
சார்ஜ் நிற்கிறது என்றால் பேட்டரியைச் சந்தேகிக்க அவசரமில்லை. முதலில் கசிவை அளந்துவிடுங்கள். சாவி ஆஃப். நெகட்டிவ் வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் டெர்மினலுக்கும் நடுவே மல்டிமீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சில் வையுங்கள். மீட்டர் நடுவில் இருக்கும்போது மறந்தும் சாவியைத் திருப்பாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். கடிகாரமும் ஈசியூவும் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) சேர்ந்து இழுப்பது சில மில்லி ஆம்பியர்தான். நூறைத் தாண்டினால் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. சாவி எடுத்து அரை மணி கழித்து ஃபாக் லைட்டின் ரிலேயை (சின்ன கரண்டில் இயங்கி, லைட்டுக்கான பெரிய கரண்டைத் திறந்து மூடும் பெட்டி) தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கிறதா?

சங்கிலிப்பல்:
0.15 ஆம்பியர், அதாவது 150 மில்லி ஆம்பியர் காட்டுகிறது. ரிலே சூடாகத்தான் இருக்கிறது.

ஸ்பேனர்12:
அப்போது ஆள் அகப்பட்டுவிட்டான். ரிலேயின் முனைகளுக்கு எண் உண்டு: 85, 86 உள்ளே இருக்கும் காயிலுக்கு; 30-இல் கரண்ட் வந்து 87 வழியாக லைட்டுக்குப் போகும். 86-ஐ நேராக பேட்டரி பாசிட்டிவில் கொடுத்து, சுவிட்சை 87-க்கும் லைட்டுக்கும் நடுவே போட்டிருப்பார்கள். லைட் அணைந்தாலும் உள்ளே காயில் விழித்தே இருக்கும். பேட்டரியின் 9 ஆம்பியர் ஹவரை 0.15-ஆல் வகுத்தால் 60 மணி நேரம். செல்ஃப் அதற்கு முன்பே கைவிரித்துவிடும்.

சரியான இணைப்பு: 30-க்கு பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக. 87 லைட்டுக்கு, 85 எர்த்துக்கு. 86-க்கு, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் வயரிலிருந்து சுவிட்ச் வழியாக. 40 வாட்டுக்கு ஓடுவது 3.5 ஆம்பியருக்குள், 5 ஆம்பியர் ஃபியூஸ் தாராளம். ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். லைட் பக்கம் வைத்தால் நடுவில் வயர் உரசி ஷார்ட் ஆகும்போது அதனால் ஒரு பயனும் இல்லை.

நட்டுபோல்ட்டு:
ஸ்பேனர் சொன்னது சரி, ஆனால் இப்போதைக்கு நீங்களே பிரித்து மாற்றாதீர்கள். கை வைத்துவிட்டால் "வெளியே வேலை பார்த்திருக்கீங்க" என்று பழி உங்கள் மேல் திரும்பும். மீட்டர் ரீடிங், ரிலே இணைப்பு, ஜாயின்ட் எல்லாவற்றையும் வீடியோ எடுங்கள். நிறுத்தும்போது அந்த லைட்டின் ஃபியூஸை உருவி வையுங்கள். 86 அந்த ஃபியூஸைத் தாண்டி நேராகப் போயிருந்தால் அது உதவாது, நெகட்டிவைக் கழற்றத்தான் வேண்டும்.

சர்வீஸுக்கு விடும்போது புகாரை எழுதும் ஜாப் கார்டில் "லைட் பிராப்ளம்" என்று எழுத விடாதீர்கள். "சாவி ஆஃபில் 0.15 ஆம்பியர் கசிவு, ஆக்சஸரி ரிலே சூடாகிறது, ஹேண்டில் திருப்பினால் லைட் துண்டிக்கிறது" என்று எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். கம்பெனி ஹார்னஸை (பைக்கோடு வந்த வயர்க் கட்டு) வெட்டியோ, வயரைக் கடித்துப் பிடிக்கும் கிளிப் போட்டோ இணைத்திருந்தால் அதையும் தனி வரியாகச் சேருங்கள். அந்தக் கிளிப் வயரின் இழைகளை அறுக்கும், மழைநீர் போனால் செம்பு அரித்துப் பச்சை பூக்கும். சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டுத் தரச் சொல்லுங்கள். வெறும் டேப் வேண்டாம்.

கியர்மாமா:
ஹேண்டில் விஷயம் வேறு. ஸ்டியரிங் ஹெட் அருகே டை இறுக்கி, வயருக்குத் தொய்வு விடாமல் விட்டிருப்பார்கள். இரண்டு பக்கமும் லாக் வரை திருப்பிப் பாருங்கள், எந்த வயரும் விறைக்கக் கூடாது. கிளட்ச், ஆக்சிலேட்டர் கேபிளோடு சேர்த்துக் கட்டியிருந்தால் இன்னும் மோசம்: ஹேண்டிலைத் திருப்பும்போது ஐடிலிங் ஏறும்.

கிராஷ் கார்டையும் விடாதீர்கள். இன்ஜின் மவுண்டிங் போல்ட்டிலேயே மாட்டும் மாடல் என்றால், கிட்டோடு வரும் நீளமான போல்ட்டும் ஸ்பேசரும் போட்டிருக்கிறார்களா பாருங்கள். பழைய போல்ட்டிலேயே ஒப்பேற்றினால் நட்டில் பிடிக்கும் மரை குறைந்துபோகும். டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) சர்வீஸ் மேனுவல் அளவுக்கு உங்கள் கண்முன் இறுக்கச் சொல்லுங்கள்.