ரேடியேட்டர் மின்விசிறி சுழலவில்லை, வழி சொல்லுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். என்னுடையது பத்து வருடப் பழைய பெட்ரோல் கார். ஞாயிற்றுக்கிழமை பரனூர் சுங்கச்சாவடி வரிசையில் நின்றபோது வெப்பமானி முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. உடனே ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தேன். வண்டி ஓடும்போது சூடு ஏறுவதில்லை, நின்றால்தான் ஏறுகிறது. ஏசி போட்டாலும் விசிறி அசைவதில்லை.

எஞ்சின் ஆறிய பிறகு பார்த்தேன். கூலன்ட் அளவு சரி, ஃபியூஸ் சரி. பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுத்தால் விசிறி நன்றாகவே சுழல்கிறது. விசிறிக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் மின்சுவிட்சான ரிலேயும் ஹாரன் ரிலேயும் ஒரே வகை என்பதால் மாற்றிப் போட்டுப் பார்த்தேன், பயனில்லை. ரிலே சாக்கெட்டில் மின்சாரம் வரும் 30, விசிறிக்குப் போகும் 87 ஆகிய இரு முனைகளையும் கம்பியால் இணைத்ததும் விசிறி ஓடியது. ஆகவே கோளாறு ரிலேயை இயக்கும் பக்கம்தான் என்று நினைக்கிறேன்.

வெப்ப உணரியின் இணைப்பைக் கழற்றினால் பல கார்களில் பாதுகாப்புக்காக விசிறி தானே ஓடும். இதில் அதுவும் நடக்கவில்லை. மெக்கானிக் விசிறி மோட்டாரையே மாற்றச் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவிலிருந்து ரிலேக்கு வரும் கம்பி அறுந்திருக்குமா, ஈசியூவே பழுதா? மல்டிமீட்டர் இருக்கிறது. எந்த முனையில் எதை அளக்க வேண்டும்? வாரந்தோறும் அம்மாவை மருத்துவமனைக்கு இந்த வண்டியில்தான் அழைத்துப் போகிறேன். அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.