புல்லட் 350: கிராங்க்கேஸ் பிரீதரை மாற்றினால் இழுவை கூடுமா?

கேள்வி:
வணக்கம். என்னிடம் இருப்பது வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட பழைய புல்லட் 350. இழுவை கூடும் என்று கேள்விப்பட்டு, கிராங்க்கேஸில் (பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் சுழலும் கூடு) சேரும் அழுத்தத்தை வெளியேற்றும் பிரீதர் குழாய் முனையில் இருந்த ரப்பர் டக்பில்லை (காற்றை வெளியே மட்டும் விடும் வாத்து அலகு வடிவ வால்வு) கழற்றிவிட்டு, சுமார் 2 அடி நீள ஹோஸ் மாட்டி, அதன் கோடியில் காருக்கான பி.சி.வி. வால்வு (கிராங்க்கேஸ் வாயுவை எஞ்சினுக்குள்ளேயே திருப்பி விடுவது) ஒன்றை நானே பொருத்தினேன். இரண்டு நாள் வண்டி இலகுவாக ஓடுவதாகத் தோன்றியது. இப்போதோ 70 கி.மீ. வேகத்தைத் தாண்டினாலே எஞ்சினின் பக்கவாட்டில் உள்ள டைமிங் கவர் என்ற மூடியின் ஓரத்தில் ஆயில் கசிகிறது. எங்கே தவறினேன்?

பதில் 1:
உங்கள் எஞ்சினின் போர் (சிலிண்டரின் விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 90 மி.மீ. ஆகையால், பிஸ்டன் இறங்கும்போதெல்லாம் 346 சிசி அளவுக்குக் கிராங்க்கேஸின் இடம் சுருங்கி, ஏறும்போது அதே அளவு விரிகிறது. 180 டிகிரி கிராங்க் உள்ள இரட்டை சிலிண்டரில் ஒரு பிஸ்டன் இறங்க மற்றது ஏறிவிடுவதால் இந்தத் தொல்லை பெரிதாக இல்லை; ஒற்றை சிலிண்டருக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. 3000 ஆர்.பி.எம்.மில் இது நொடிக்கு 50 முறை நிகழ்கிறது. காரின் பி.சி.வி. வால்வோ எஞ்சினுக்குள் காற்று போகும் மேனிஃபோல்டின் உறிஞ்சலுக்கு ஏற்ப ஸ்பிரிங்கால் மெதுவாக நகர்வது, துளையும் சிறியது. இந்தத் துடிப்புக்கு அது ஈடுகொடுக்காது. வெளியேற முடியாத அழுத்தம் மூடி இணைப்பில் உள்ள கேஸ்கட்டைத் தேடிப் போகிறது. மேலும், வால்வை ஹோஸின் கோடியில் வைத்தால், ஹோஸுக்குள் நிற்கும் காற்றே திரும்பத் திரும்ப உள்ளே போய் வரும். வால்வு கிராங்க்கேஸை ஒட்டியே இருக்க வேண்டும். எடை குறைந்த ரீட் வால்வோ (ஒரு பக்கம் மட்டும் திறக்கும் மெல்லிய தகடு) நல்ல டக்பில்லோ போதும்.

பதில் 2:
மேலே நண்பர் சொன்னது சரி. ஆனால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கைப் பார்க்காமல் வால்வுக்குச் செலவழிக்காதீர்கள். ரிங் தேய்ந்து கீழே இறங்கும் வாயுவை எந்த வால்வும் குறைக்காது. கம்ப்ரஷனை (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) அளந்து, பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மீண்டும் அளவெடுங்கள். அளவு நன்றாக ஏறினால் ரிங்தான் காரணம். ஹோஸைப் பின்சக்கரத்தின் பக்கம் திறந்துவிடவும் வேண்டாம், டயரில் ஆயில் பட்டால் வளைவில் வண்டி நிற்காது. இழுவை என்று பெரிதாக எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஆயில் விட்ட பிறகும் கம்ப்ரஷன் ஏறக்குறைய அதே அளவுதான். கழற்றி வைத்த டக்பில்லை வாயால் ஊதிப் பார்த்தபோது, உதடுகள் இறுகிப்போய் இருபுறமும் காற்று போனது. புதியதைக் கிராங்க்கேஸின் அருகிலேயே, அகலமான குட்டை ஹோஸில் மாட்டி, அதன் வாயைக் கேட்ச் கேனுக்குள் (வெளியேறும் ஆயிலைப் பிடிக்கும் டப்பா) விட்டேன். 200 கி.மீ. ஓடியாயிற்று, டைமிங் கவர் காய்ந்திருக்கிறது. உச்சவேகம் பழையபடியேதான் இருக்கிறது. கேனில் வெண்ணெய்போல் ஏதோ படிந்திருக்கிறதே, அது என்ன?

பதில் 2:
ஆயிலோடு கலந்த நீராவி. எஞ்சின் சூடேறுவதற்குள் நிறுத்திவிடும் குட்டைப் பயணங்களில் அப்படித்தான் படியும். அரைமணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள்.