லொரேன் படைக்குக் கழித்தல் இரண்டா? (1758 கறுப்பர் நகரச் சண்டை)

முத்தியால்பேட்டை_முரசு:
சனிக்கிழமை ராயபுரத்து மொட்டை மாடியில் பொம்மை வீரர்களையும் பகடையையும் வைத்து இந்தச் சண்டையை ஆடிய ஆட்டத்தின் குறிப்பைப் படித்தேன். "பிரெஞ்சுக்காரர்கள் குடித்துக் கிடந்ததால் அவர்களுடைய லொரேன் படைக்குப் பகடையில் இரண்டு குறைத்தோம், மூன்றே சுற்றில் ஆங்கிலேயர் வென்றார்கள்" என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். 1758 டிசம்பர் 14 அன்று ஆங்கிலேயத் தளபதி டிரேப்பர் சுமார் 600 பேருடன் புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து, பிரெஞ்சுக்காரர்கள் பிடித்திருந்த கறுப்பர் நகரத்துக்குள் (இன்றைய ஜார்ஜ் டவுன்) பாய்ந்தார். இருநூறு பேரைப் பறிகொடுத்துவிட்டுக் கோட்டைக்கே திரும்பினார். வென்றவன் செய்கிற காரியமா இது?

ராயபுரம்_ராவுத்தர்:
குடித்தார்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை_முரசு:
குடித்தார்கள். காலையில் ஊருக்குள் நுழைந்ததும் வீடு வீடாகக் கொள்ளையடித்தார்கள், சாராயம் அகப்பட்ட இடத்தில் குடித்தார்கள். யார் மறுத்தது? அப்படிக் குடித்தவர்கள்தான் டிரேப்பரைத் திருப்பி அனுப்பினார்கள். இருநூறு பேர் ஐயா, இருநூறு பேர்!

பழைய_வண்ணை:
ஒரு சின்னச் சந்தேகம். இங்கே 'போதை' என்று எதைச் சொல்கிறோம்? கொள்ளைக்காகச் சிதறிப் போனதையா, தள்ளாடியதையா? இரண்டுக்கும் தனி விதி வேண்டுமே.

ராயபுரம்_ராவுத்தர்:
கழித்தல் இரண்டு சரிதான். பிரெஞ்சுத் தளபதி தெஸ்தேங் பிரபுவே அன்று ஆங்கிலேயரிடம் பிடிபட்டார். தெளிவாக இருந்த படை தன் தளபதியைத் தொலைக்குமா?

முத்தியால்பேட்டை_முரசு:
பிடிபட்டவர் குடித்திருந்தார் என்று எங்கே படித்தீர்கள்? கழித்தல் ஒன்று, அதுவும் முதல் சுற்றுக்கு மட்டும். நான் பிறந்து வளர்ந்தது தம்புச் செட்டித் தெருவில். அந்தச் சந்துகளில் இரண்டு மாட்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்கியே ஆக வேண்டும். அங்கே சுட்டுக்கொண்டு நின்றவன் எவனும் தள்ளாடியிருக்க மாட்டான்.

பகடைப்பித்தன்:
சந்து என்றதும் நினைவுக்கு வருகிறது. உங்கள் வரைபடத்தில் தெருக்கள் எல்லாம் இன்றைய ஜார்ஜ் டவுன் அகலத்தில் இருக்கின்றன. தீப்பெட்டி வீடுகளுக்கு நடுவே லாரி போகும்.

முத்தியால்பேட்டை_முரசு:
அந்தத் தீப்பெட்டிகளை ஒட்டியவன் நான். நீங்கள் கொண்டுவந்தது ஒரு பகடை, அதுவும் மாடியிலிருந்து விழுந்து சாக்கடைக்குப் போனது.

ராயபுரம்_ராவுத்தர்:
பகடையை விடுங்கள். என் கிரெனேடியர் பொம்மையைக் காகம் தூக்கிக்கொண்டு போனதே, அதற்கு யார் பொறுப்பு? நான்கு மாலைகள் உட்கார்ந்து சிவப்புச் சட்டை தீட்டினேன். மேசை மேல் மிக்சரைக் கொட்டி வைத்தவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

முத்தியால்பேட்டை_முரசு:
மிக்சரைப் பற்றிப் பேசினால் கழித்தல் இரண்டு நியாயமாகிவிடாது.

அடையாறு_அபிமானி:
இதற்குப் பதிலாக 1746 அடையாற்றுச் சண்டையை ஆடலாமே. பிரெஞ்சுத் தளபதி பராதியின் சில நூறு பேர், ஆற்காட்டு நவாபின் மகன் மாபூஸ் கானின் பத்தாயிரம் பேர். சாராயமும் இல்லை, நமக்குள் வாக்குவாதமும் இல்லை.

ராயபுரம்_ராவுத்தர்:
அடையாற்றங்கரையில் நடந்ததை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள் தம்பி.

முத்தியால்பேட்டை_முரசு:
இதில் மட்டும் ராவுத்தர் சொல்வது சரி. மற்றதற்கு வருகிறேன். டிரேப்பர் தப்பியதற்குக் காரணம் பிரெஞ்சுக்காரர்களின் போதை இல்லை, அவர்களுடைய தளபதி புஸ்ஸியின் தயக்கம். அவர் பாலத்தைத் தாண்டி, கோட்டைக்குத் திரும்பும் வழியை மறித்திருந்தால் அத்தனை பேரும் சிக்கியிருப்பார்கள் என்று பிரெஞ்சுப் படைத் தலைவர் லாலியின் தரப்பு கடைசிவரை புலம்பியது. அந்த லாலியைத்தான் 1766இல் பாரிசில் தலையை வெட்டினார்கள். புஸ்ஸிக்குத் தயக்க விதி வையுங்கள், லொரேன் படையை விட்டுவிடுங்கள்.

பகடைப்பித்தன்:
புஸ்ஸியைக் குறை சொல்வது லாலியின் வக்கீல் வேலை. லாலிக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

முத்தியால்பேட்டை_முரசு:
சாக்கடையில் பகடை தேடுகிறவர் வக்கீலைப் பற்றிப் பேச வேண்டாம்.

பழைய_வண்ணை:
'போதை' என்றால் என்ன என்று கேட்டிருந்தேன்.

ராயபுரம்_ராவுத்தர்:
லாலி கோட்டையைச் சுற்றிப் போட்ட முற்றுகை 1759 பிப்ரவரி 17 அன்று முடிந்தது. ஆங்கிலேயக் கப்பல்கள் வந்ததும் லாலி மூட்டை கட்டினார். கடைசியில் தோற்றது யார்?

முத்தியால்பேட்டை_முரசு:
அது இரண்டு மாதம் கழித்து! நாம் ஆடுவது டிசம்பர் 14. அன்றைக்கு இருநூறு பேர். வரும் சனிக்கிழமை என் வீட்டு மாடி, என் மேசை, கழித்தல் ஒன்று. சம்மதம் இருப்பவர்கள் வரலாம்.

ராயபுரம்_ராவுத்தர்:
உங்கள் மேசைக்குக் கால் ஆடும். கழித்தல் இரண்டு. வரும்போது என் கிரெனேடியருக்கு உரிய பணத்தை எடுத்து வையுங்கள்.