டிராகுலா: கோட்டையை விட்டு வந்ததும் கதை படுத்துவிடுகிறதா?

இரவுவாசி:
பிராம் ஸ்டோக்கரின் டிராகுலாவை (1897) இப்போதுதான் முதல்முறையாகப் படிக்கிறேன். மொத்தம் 27 அத்தியாயம், எட்டு முடித்திருக்கிறேன். முதல் நான்கும் பிரமாதம். டிராகுலா பிரபு இங்கிலாந்தில் வீடு வாங்குவதற்கான பத்திர வேலையாகத் திரான்சில்வேனியா போகும் இளம் வக்கீல் ஜோனதன் ஹார்க்கர், அவருடைய கோட்டையிலேயே சிக்கிக்கொள்கிறான். சவரம் செய்துகொண்டிருக்கும்போது பிரபு தோளருகே வந்து நிற்கிறார், கண்ணாடியில் ஆளையே காணோம். இன்னொரு இரவு அதே மனிதர் பல்லி மாதிரி தலைகீழாகச் சுவரில் இறங்குகிறார். அதைப் படித்த அன்று நான் விளக்கை அணைக்காமல்தான் தூங்கினேன்.

சரி, அடுத்து என்ன என்று ஐந்தாம் அத்தியாயத்தைத் திருப்பினால் மீனா, லூசி என்ற இரண்டு தோழிகளின் கடிதங்கள்! லூசியை ஒரே நாளில் மூன்று பேர் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார்களாம். அங்கே ஒருவன் செத்தானா பிழைத்தானா என்று தெரியவில்லை, இங்கே மாப்பிள்ளைக் கதை. ஸ்டோக்கருக்குக் கோட்டைக்கு வெளியே பயமுறுத்தத் தெரியவில்லை என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம். ஒன்பதாம் அத்தியாயம் முதல் நடப்பதை மட்டும் யாரும் உளறிவிடாதீர்கள்.

பரண்புத்தகம்:
மறுக்கிறேன். தேதிகளைப் பார்த்தீர்களா? லூசி அந்தக் கடிதத்தை எழுதுவது மே 24. அதற்கு ஐந்து நாள் முன்புதான் பிரபு ஹார்க்கரை உட்கார வைத்து, பின்தேதியிட்டு மூன்று கடிதங்கள் எழுதி வாங்குகிறார்: ஜூன் 12, ஜூன் 19, ஜூன் 29. தனக்கு எத்தனை நாள் மிச்சம் என்று அவனுக்கு அப்போதே புரிந்துவிடுகிறது. அவன் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் அதே வாரத்தில் லூசி சிரித்துக்கொண்டே கடிதம் எழுதுகிறாள். அவள் சிரிப்பைப் படிக்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

இரவுவாசி:
தேதி பார்த்துப் படிக்க இது நாவலா, பஞ்சாங்கமா?

பரண்புத்தகம்:
பஞ்சாங்கம்தான் ஐயா. இந்த நாவலுக்கு ஸ்டோக்கர் எடுத்த குறிப்புகள் ஃபிலடெல்ஃபியாவில் ரோசன்பாக் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எந்த நாளில் என்ன நடக்கிறது என்று நாள்காட்டி போட்டே எழுதியிருக்கிறார். நாம் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போவதற்கு அவர் என்ன செய்வார்?

உப்புக்காற்று:
ஏழாம் அத்தியாயத்தை எப்படி ‘படுத்துவிட்டது’ என்கிறீர்கள்? கருங்கடல் துறைமுகமான வார்னாவிலிருந்து இங்கிலாந்துக் கடற்கரை ஊரான விட்பிக்கு வரும் டிமீட்டர் கப்பலின் குறிப்பேடுதான் முழு நாவலிலும் எனக்குப் பிடித்த பகுதி. கப்பல் கிளம்புவது ஜூலை 6. அப்புறம் மாலுமிகள் ஒருவர் பின் ஒருவராகக் காணாமல் போகிறார்கள். கடைசியில் கப்பல்தலைவன் கைகளைச் சுக்கானோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு பிணமாகக் கரை சேர்கிறான். டிராகுலா அதில் ஒரு வசனம் பேசுவதில்லை. உயரமாக, மெலிந்து ஒருவன் தளத்தில் நடந்து போனான் என்று ஒரு மாலுமி சொல்கிறான், அவ்வளவுதான். கோட்டையில் ஆள் நேருக்கு நேர் உட்கார்ந்து உபசரித்துப் பேசுகிறாரே, அதைவிட எனக்கு இதுதான் கிலி.

இன்னொன்று. ஸ்டோக்கர் விட்பிக்குப் போய்த் தங்கியது 1890இல். அதற்கு ஐந்து வருடம் முன்பு, 1885 அக்டோபரில், டிமித்ரி என்ற ரஷ்யக் கப்பல் நிஜமாகவே அங்கே புயலில் கரை ஒதுங்கியிருந்தது. அதன் சொந்தத் துறைமுகம் நார்வா. எழுத்துகளை இடம் மாற்றினால் வார்னா.

இரவுவாசி:
நார்வா சமாச்சாரம் அருமை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். நடுக்கடலில் மாலுமிகளை எல்லாம் தீர்த்துக்கட்டினால் கப்பலை யார் ஓட்டுவது? கப்பல் கவிழ்ந்திருந்தால் பிரபு படுத்துக்கொள்ள அதில் கொண்டுவரும் ஐம்பது மண்பெட்டியும் கடலடியில்தானே? நூற்றாண்டுக் கணக்கில் வாழ்ந்தவருக்கு இந்தக் கணக்குத் தெரியாதா?

உப்புக்காற்று:
அவர் காற்றையும் மூடுபனியையும் ஏவுகிறார் என்று சொல்லிச் சமாளிக்கலாம். ஆனாலும் ஓட்டைதான். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தாழம்பூ:
நான் பாதி இரவுவாசி கட்சி. ஆறாம் அத்தியாயத்தில் வரும் கிழவர் ஸ்வேல்ஸ் பேசும் யார்க்‌ஷயர் வட்டார வழக்கை ஒவ்வொரு பத்தியும் மூன்று தடவை படித்தேன். கடலில் காணாமல் போனவர்களுக்கு இங்கே வெறும் கல்லறைக்கல் நிற்கிறது, எழுதியிருப்பதெல்லாம் பொய் என்கிறார். இதைச் சொல்ல இத்தனை பக்கமா?

பரண்புத்தகம்:
தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் லூசிக்குப் பிடித்த இருக்கை தற்கொலை செய்துகொண்ட ஒருவனின் கல்லறைமேல் இருக்கிறது என்று சொல்வதும் அவர்தான். அதை மறக்காதீர்கள். இதற்கு மேல் பேசினால் இரவுவாசி அடிக்க வருவார்.

தாழம்பூ:
சரி. ஆனால் எட்டாம் அத்தியாயத்தைப் பற்றி யாருமே வாய் திறக்கவில்லையே! என் மறுபாதிக் கட்சி அங்கேதான் இருக்கிறது.

லூசி தூக்கத்தில் எழுந்து வெளியே போய்விடுகிறாள். நள்ளிரவு தாண்டி மீனா தேடிக்கொண்டு ஓடுகிறாள். மேற்குக் குன்றிலிருந்து பார்க்கும்போது, துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் அதே இருக்கையில் வெள்ளையாக ஓர் உருவம், அதன்மேல் கறுப்பாக ஏதோ குனிந்திருக்கிறது. ஊருக்குள் இறங்கி, பாலத்தைக் கடந்து, தேவாலயப் படிகளில் ஏறிப் போய்ச் சேர்கிறாள். (விட்பியில் அந்தப் படிகள் 199. ஏறியவர்களுக்குத் தெரியும்.) போர்வையைச் சுற்றி ஊக்குப் போட்டு அழைத்து வருகிறாள். மறுநாள் லூசியின் கழுத்தில் இரண்டு சிறு புள்ளிகள். நான்தான் ஊக்கைக் குத்திவிட்டேன் என்று மீனா வருத்தப்படுகிறாள்.

இதற்கு நடுவில் ஒரு சின்ன விஷயம். தன் செருப்பை லூசிக்குப் போட்டுவிடுகிறாள். வெறுங்கால் என்று வழியில் யாரும் கண்டுபிடிக்கக் கூடாதே என்று தன் காலில் சேற்றை எடுத்துப் பூசிக்கொள்கிறாள். பாதி ராத்திரியில் ஒரு பெண் இரவு உடையோடு கல்லறைத் தோட்டத்தில் இருந்தாள் என்று தெரிந்தால் நாலு பேர் என்ன பேசுவார்கள்? லூசியின் அம்மாவிடமும் சொல்லவில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, தவிர விஷயம் வெளியே கசிந்துவிடும். கோட்டையில் ஹார்க்கரை அடைத்து வைக்கப் பிரபுவுக்குப் பூட்டும் ஓநாயும் வேண்டியிருந்தன. விட்பியில் ஒன்றும் தேவைப்படவில்லை, மானத்துக்குப் பயந்து இவர்களே எல்லாவற்றையும் மூடி வைக்கிறார்கள்.

இரவுவாசி:
மீனாவுக்கு அறிவு கொஞ்சம் மட்டு என்று நினைத்துத்தான் அந்த ஊக்கைத் தாண்டிப் போனேன்.

தாழம்பூ:
கதையிலேயே அறிவாளி அவள்தான். சுருக்கெழுத்து, தட்டச்சு எல்லாம் கற்று வைத்திருக்கிறாள். கையில் ஊக்கு இருந்தது, கழுத்தில் புள்ளி இருக்கிறது. நீங்களாக இருந்தால் ரத்தக்காட்டேரி என்றா நினைப்பீர்கள்?

உப்புக்காற்று:
அந்தச் சேறு எனக்கு நினைவே இல்லை. திரும்ப எடுத்துப் பார்த்தேன், இருக்கிறது.

இரவுவாசி:
நானும் பார்த்தேன். சரி, ‘பயமுறுத்தத் தெரியவில்லை’ என்றதை வாபஸ் வாங்குகிறேன். ஆனாலும் ஐந்தாம் அத்தியாயம் நீளம்தான், அதில் மாற்றமில்லை. பல்லி மாதிரி இறங்கியதற்குச் சமமாக இன்னும் ஒன்று வரவில்லை என்பதிலும் மாற்றமில்லை. ஸ்வேல்ஸ் கிழவரை மன்னிப்பதாகவும் இல்லை.

பரண்புத்தகம்:
அவரைத்தான் அதே இருக்கையில் கழுத்தை முறித்துப் போட்டாயிற்றே, இன்னும் என்ன கோபம்?